காதலித்தான் என்பதை மதித்தான் என்று வாசிக்கவும்

அந்த நகரத்தில், பத்திரிகையில் 'திருத்தம்' என்று தலைப்பிட்டு எது வெளியானாலும், வெளியான நொடியிலிருந்து உலகம் அப்படியே மாறிக்கொள்ளும். செய்திகளுக்கு அந்தச் சக்தி கிடையாது. செய்தியில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். யாரும் நம்பவும் மாட்டார்கள், ஒன்றும் நடக்கவும் நடக்காது. திருத்தம் அப்படியல்ல. நகரத்து நாளிதழ் ஒன்று, 'ஆற்றுப்பாலத்துக்கு ஆறு வளைவுகள் என்பதை ஐந்து என்று வாசிக்கவும்' என்று ஒரு தடவை திருத்தம் போட்டது. ஒரு வளைவு சத்தமில்லாமல் கழன்றது. பாலம் கொஞ்சம் குட்டையாகி, அக்கரை அந்த அளவுக்கு இக்கரைக்குப் பக்கத்தில் வந்தது. கழன்ற வளைவு அந்த நாளிதழின் அலுவலக முற்றத்தில் போய் நின்றுகொண்டது. நீக்கிய சொல் அதை அச்சில் போட்டவரிடமே திரும்பிப் போகும் என்பது அங்கே பழைய வழக்கம். அந்த வளைவில் இப்போது சைக்கிள்களைச் சாத்தி வைக்கிறார்கள்.

இதனால் அந்த ஊர்ப் பத்திரிகை ஆசிரியர்கள் திருத்தம் என்றாலே நடுங்குவார்கள். நடுங்காதவர் ஒருவர்தான். அவர் பெயர் லீன்ஹார்ட். 'மறுகரை' என்ற மாத இதழின் ஆசிரியர். ஆண்களைக் காதலிக்கும் ஆண்களுக்கான இதழ் அது. சாம்பல் நிற அட்டை போட்டு, பெயர் அச்சிடாத உறையில் வைத்து, ஐரோப்பாவின் பல ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. தொடங்கிய நாளிலிருந்து அதில் ஒரு திருத்தம்கூட வந்ததில்லை. லீன்ஹார்ட் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பிழை பார்ப்பார். ஒரு காற்புள்ளி இடம் மாறிவிட்டால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அவரோடு யோஸ்ட் இருந்தான். ட்ராம் ஓட்டுபவன். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, ஆனாலும் யோஸ்டுக்கு இந்தக் கதையில் 'அவன்'தான். 'அவர்' போட்டால் அவனே சண்டைக்கு வந்துவிடுவான். பொத்தான் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் அவர்கள் இளமையிலிருந்து சேர்ந்து வாழ்ந்தார்கள். யோஸ்டின் வாய் அந்த நகரம் முழுக்கப் பிரசித்தம். தண்டவாளத்தில் யார் குறுக்கே வந்தாலும், நகரத் தந்தையே வந்தாலும், ட்ராமை நிறுத்தித் தலையை வெளியே நீட்டித் திட்டுவான். அவனுடைய மிகச் சிறந்த வசவுகள் மட்டும் வீட்டுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தன.

நல்லொழுக்கத் துறை அதிகாரி ப்ளாட்னர் வந்த அன்றும் அவன் திட்டிக்கொண்டுதான் இருந்தான்.

"டேய் மூக்குக்கண்ணாடி! எழுத்தைத் தின்னா வயிறு ரொம்பாது. சூப்பு ஆறுது, வந்து தொலை."

லீன்ஹார்ட் எழுந்தபோது கதவு தட்டப்பட்டது. ப்ளாட்னர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, உட்காரலாமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். நல்ல மனிதர். அந்தத் துறையில் எல்லோருமே நல்ல மனிதர்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

"உங்கள் பத்திரிகையில் ஒரு பிழை இருக்கிறது" என்றார்.

லீன்ஹார்டின் காது மடல்கள் சிவந்தன. "எந்தப் பக்கம்?"

ப்ளாட்னர் இதழைப் பிரித்து, சுத்தமான விரலால் ஒரு வரியைக் காட்டினார். 'அவன் அவனைக் காதலித்தான்' என்று இருந்தது. லீன்ஹார்டே புனைபெயரில் எழுதிய கதை. அதில் வரும் ட்ராம்காரனுக்கு யோஸ்டின் மூக்கு.

"இதில் என்ன பிழை? ஒற்றுகூடச் சரியாக இருக்கிறது."

"ஒற்று சரிதான். சொல் தவறு. 'மதித்தான்' என்று இருக்க வேண்டும். அவன் அவனை மதித்தான். மற்றவர்கள் எழுதிய கதைகளிலும் இதே பிழை இருக்கிறது."

"யாரும் யாரையும் மதிக்கவில்லை. காதலித்தார்கள். தெரிந்துதான் எழுதியிருக்கிறோம்."

"கோபப்படாதீர்கள்" என்றார் ப்ளாட்னர். "பக்கத்து நாடுகளில் உங்களைப் போன்றவர்களைச் சிறையில் போடுகிறார்கள். நாங்கள் போடுகிறோமா? பத்திரிகையை நிறுத்தச் சொன்னோமா? ஒரே ஒரு சொல். அதுவும் கெட்ட சொல்லா? மரியாதைதானே. அதில் என்ன குறைச்சல்?"

லீன்ஹார்டுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. சிறையில் போடாததற்கு நன்றி சொல்லிக்கொண்டே தன் வாழ்க்கையைத் தானே அடித்து எழுத வேண்டும் என்கிறார் இந்த மனிதர், அதுவும் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. அவர் முடியாது என்றார். நீங்கள் போடாவிட்டால் உங்கள் சார்பில் அரசிதழில் நாங்கள் போட்டுவிடுவோம் என்றார் ப்ளாட்னர். அப்படியானால் அதை நான் மறுபடியும் திருத்துவேன் என்றார் லீன்ஹார்ட்.

"திருத்தத்தில் பிழை இருந்தால்தான் அதைத் திருத்தலாம். சட்டம் உங்களுக்குத் தெரியும்." ப்ளாட்னர் எழுந்து தொப்பியைத் தடவிக் கொடுத்தார். "எங்கள் அரசிதழில் பிழை வராது."

"யார்டா அந்த இஸ்திரி போட்ட மூஞ்சி?" என்று யோஸ்ட் அடுக்களையிலிருந்து கேட்டான். ப்ளாட்னர் காதில் விழாததுபோல் படியிறங்கினார்.

திங்கட்கிழமை அரசிதழ் வெளியானது. 'மறுகரை இதழின் சார்பில் ஒரு திருத்தம்: காதலித்தான் என்று வரும் இடங்களில் எல்லாம் மதித்தான் என்று வாசிக்கவும்.' அவ்வளவுதான். லீன்ஹார்ட் அதை வாசித்து முடிப்பதற்குள் அவருடைய மேசை மேல் ஒரு சத்தம். ஈய எழுத்துகளில் கோர்த்த 'காதலித்தான்'கள், அந்த இதழில் இருந்தவை அத்தனையும், குவியலாக வந்து விழுந்து கிடந்தன. அச்சில் போட்டவர் அவர்தானே, அவரிடமே திரும்பிவிட்டன. கை வைத்துப் பார்த்தார். இளஞ்சூடாக இருந்தன.

அடுக்களையிலிருந்து யோஸ்ட் வந்தான். காபிக் கோப்பையைத் தட்டில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்தி வந்தான். அந்த வீட்டில் அப்படி ஒரு தட்டு இருப்பதே அன்றுதான் லீன்ஹார்டுக்குத் தெரிந்தது.

"ஐயா, தங்கள் காபி. தங்களுக்கு நேரம் வாய்க்கும்போது அருந்துங்கள்."

"யோஸ்ட், நான்டா."

"அறிவேன், ஐயா. தங்களைக்..." அவன் தொண்டையில் ஏதோ அடைத்தது. "க்... மதிக்கிறேன்."

தலை வணங்கிவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து அடுக்களைக்குள் போனான். மதிப்பவருக்கு முதுகு காட்டுவது அந்த ஊர் வழக்கமில்லை.

மாறியது யோஸ்ட் மட்டும்தான். அதற்கும் ஒரு காரணம் உண்டு. 'மறுகரை'யில் 'நான்' என்று எழுதக்கூடாது என்பது லீன்ஹார்டே போட்ட விதி. 'நான் காதலித்தேன்' என்று எழுதினால் எழுதியவனைப் பிடித்துவிடலாம். 'அவன் காதலித்தான்' என்றால் எந்த அவன் என்று போலீஸ் தெருத்தெருவாகத் தேட வேண்டியதுதான். ஆகவே எல்லோரும் தங்கள் ஆளைப் பற்றியே எழுதினார்கள். எழுதியவர்களுடைய காதல் அச்சுக்கே வராததால் அதன் மேல் யாரும் கை வைக்க முடியவில்லை. நகரம் முழுக்க, ஒவ்வொரு வீட்டிலும் ஒருவன் காதலித்துக்கொண்டும் ஒருவன் மதித்துக்கொண்டும் இருந்தார்கள்.

தேவாலயத்தில் அடித்தொண்டையில் பாடும் ஹில்டர் முதல் ஆளாக வந்து நின்றான். ஆறடிக்கு மேல் உயரம். அழுதுகொண்டிருந்தான்.

"நேத்து என் ஆளு எனக்குக் கை குடுத்துட்டுத் தூங்கப் போனான், லீன்ஹார்ட். கை குடுத்துட்டு! நான் என்ன பேங்க் மேனேஜரா?"

லீன்ஹார்ட் குவியலைக் காட்டினார். ஹில்டர் மண்டியிட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்துப் பார்த்தான். "இதுல என்னுது எதுன்னே தெரியலையே" என்றான். லீன்ஹார்டுக்குத் தன்னுடையது தெரிந்திருந்தது. ஒன்றில் மட்டும் வெங்காய வாசனையும் ட்ராம் எண்ணெய் வாசனையும் வந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மரியாதை என்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று அந்த வாரம் அவர் தெரிந்துகொண்டார். யோஸ்ட் அவர் உட்காரும்வரை உட்காரவில்லை. அவர் பேசும்போது குறுக்கே பேசவில்லை. அவருடைய தலையங்கத்தை வாசித்துவிட்டு 'சிறப்பு' என்றான். போன மாதம்வரை, 'இதை வாசிக்கிறதுக்குச் செங்கல்லைக் கடிக்கலாம்' என்று சொல்லி, அப்புறம் மூன்றாவது பத்தியை நீக்கச் சொல்வான்; நீக்கியதும் அது உண்மையிலேயே நன்றாகிவிடும். படுக்கையை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நாற்காலியில் தூங்கினான். குளிருகிறது, வாடா என்றதற்கு, தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி என்றான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மட்டும் அந்த விக்கல் வந்தது. க்.

புதன்கிழமை அவர் பொறுக்க முடியாமல் தண்டவாளத்தில் போய் நின்றார். வேண்டுமென்றே, நட்ட நடுவில், கையைக் கட்டிக்கொண்டு. யோஸ்டின் ட்ராம் மணியடித்தபடி வந்து நின்றது. அவன் இறங்கி வந்தான். தொப்பியைக் கழற்றினான்.

"தாங்கள் முதலில் கடந்து செல்லுங்கள், ஐயா. நாங்கள் காத்திருக்கிறோம்."

ட்ராமில் இருந்த அத்தனை பேரும் காத்திருந்தார்கள். லீன்ஹார்ட் நகர்ந்தார். அவருக்குப் பின்னால் கறிக்கடைக்காரர் ஒருவர் பன்றித் தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தார். யோஸ்ட் வண்டியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்த்துக் கத்தினான்.

"யோவ் தொடை! தோள்ல கிடக்கிறதுக்கு இருக்கிற மூளைகூட உனக்குக் கிடையாதாய்யா? ஓரமாப் போய்த் தொலை!"

லீன்ஹார்ட் நடைபாதையில் நின்று அந்தக் கறிக்கடைக்காரரைப் பார்த்தார். வாழ்க்கையில் அவர் யார் மேலும் அப்படிப் பொறாமைப்பட்டதில்லை. நியாயமாகத் தனக்கு வர வேண்டிய வசவு, முன்பின் தெரியாத ஒருவர் காதில் போய் வீணாகிறது. அந்த ஆளோ அதன் அருமை தெரியாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு போகிறார்.

வீட்டுக்கு வந்து அரசிதழை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். காகிதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு புள்ளி தவறவில்லை. அப்பழுக்கில்லாத அச்சு. ஆசிரியர் என்ற முறையில் அவருக்கு அது பிடித்திருந்தது. அதற்காகவே இன்னும் கோபம் வந்தது.

மறுநாள் மதியம் ப்ளாட்னர் வந்தார், எல்லாம் சுமுகமாக இருக்கிறதா என்று பார்க்க. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த யோஸ்ட், ஐயாவின் விருந்தாளி என்று அவருக்கு நாற்காலி போட்டான்.

"பார்த்தீர்களா, எவ்வளவு அமைதியாக இருக்கிறது வீடு" என்றார் ப்ளாட்னர். "ஆசிரியரை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள், யோஸ்ட்?"

"அவரைக்... க்... மதிக்கிறேன், ஐயா. அவரைக்... க்..."

"விக்கலா? தண்ணீர் குடியுங்கள்."

"மூன்று நாளாகக் குடிக்கிறேன், ஐயா. நிற்கவில்லை." யோஸ்ட் இருவரையும் வணங்கிவிட்டு வேலைக்குப் போனான்.

லீன்ஹார்ட் அந்த விக்கலை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். அவரைக். அவனைக். இத்தனை நாள் அரசிதழையே பார்த்துக்கொண்டிருந்தவர், தன் பத்திரிகையில் அந்த வரி இப்போது எப்படி இருக்கும் என்று பார்க்கவே இல்லை. அலமாரிக்குப் போனால் ப்ளாட்னர் கவனிப்பார். பார்க்காமலேயே அவருக்குத் தெரிந்தது. *அவன் அவனைக் மதித்தான்.* சொல்லை எடுத்தவர்கள் ஒற்றை எடுக்கவில்லை. காதலுக்காக வந்த 'க்', காதல் போன பிறகும் தன் இடத்தைவிட்டு நகராமல், மதிப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. யோஸ்டின் தொண்டையில் அடைத்திருந்தது அதுதான்.

ப்ளாட்னர் விடைபெற்றார். படியில் பாதி இறங்கியவர் நின்றார். "அவரைக்..." என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். "அவரைக் ம... அவரை ம..." லீன்ஹார்ட் படியின் மேலே வந்து நின்றார். ப்ளாட்னர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தொப்பியை அவசரமாகத் தலையில் வைத்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாக இறங்கி, துறை அலுவலகத்தை நோக்கி வேகமாக நடந்தார்.

துறை முந்திக்கொண்டால் முடிந்தது கதை. 'அவனைக் என்பதை அவனை என்று வாசிக்கவும்.' ஒரே ஒற்று. விக்கல் நின்றுவிடும். அப்புறம் யோஸ்ட் சாகும்வரை பிழையே இல்லாமல் அவரை மதித்துக்கொண்டிருப்பான்.

லீன்ஹார்ட் செருப்பைக்கூட மாற்றாமல் ஓடினார். வழியில் ஹில்டர் எதிர்ப்பட்டான். அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓடினார். அச்சகக்காரர் ஓட்மார் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"ஓட்மார், ஒரே ஒரு தாள். இப்பவே. 'மறுகரை' சிறப்பிதழ்."

"என்ன விஷயம்?"

"திருத்தம்."

ஓட்மார் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார். "உங்க பத்திரிகையிலயா?"

"என் பத்திரிகையிலதான்! என் சார்புல போட்டா என் பிழைதானே? எழுத்தைக் கோர்த்துடுங்க!"

அவர் சொல்லச் சொல்ல ஓட்மார் எழுத்துகளைக் கோர்த்தார். 'திருத்தம்: எங்கள் இதழில் அவனைக் மதித்தான் என்று வரும் இடங்களில் பிழை உள்ளது. அவனைக் என்பதே சரி. அதையடுத்து மதித்தான் வராது. காதலித்தான் என்று வாசிக்கவும்.' கடைசியில் ஒரு வரி மரபுப்படி வர வேண்டும். அதைச் சொல்ல லீன்ஹார்டுக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் அதை எழுதியதே இல்லை. இப்போது, யாரோ செய்த அயோக்கியத்தனத்துக்கு, அவர் எழுத வேண்டியிருந்தது.

"போடுங்க. 'பிழைக்கு வருந்துகிறோம்.'"

'காதலித்தான்' என்ற சொல்லை ஓட்மார் தன் பெட்டியிலிருந்து எடுக்கப் போனார். லீன்ஹார்ட் தடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த சூடான ஈயத்தை எடுத்துக் கொடுத்தார்.

ஒருவராவது வாசித்தால்தான் ஒரு பத்திரிகை வெளியானதாகக் கணக்கு. மை காயாத தாளை ஹில்டர் வாங்கி, தேவாலயத்தில் பாடுகிற குரலில், தெருவில் நின்று வாசித்தான். அவன் 'வருந்துகிறோம்' என்று முடித்தபோது, எதிர்ச்சாரியில் இருந்த துறை அலுவலகத்துச் சன்னல் ஒன்று படாரென்று திறந்தது. ப்ளாட்னர் கையில் ஒரு காகிதத்தோடு எட்டிப் பார்த்தார். அந்தக் காகிதத்தில் இன்னும் அச்சு மை படவில்லை.

லீன்ஹார்ட் எங்கே நிற்கிறோம் என்று பார்க்காமல் நின்றிருந்தார். பின்னால் மணியடித்தது. சக்கரங்கள் கிறீச்சிட்டன.

"டேய் கழுதை! மூக்குக்கண்ணாடி போட்ட கழுதை! தண்டவாளம் என்ன உங்கப்பன் வீட்டுக் கட்டிலா? உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் அப்புறம் எவனைடா திட்டுவேன்?"

ட்ராம் முழுக்க ஆட்கள். யோஸ்டின் முகம் கோபத்தில் செக்கச்செவேல் என்று இருந்தது. விக்கல் இல்லை. லீன்ஹார்ட் தண்டவாளத்திலேயே நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நன்றாக அழுதார்.

"செருப்பு வேற மாத்தாம வந்திருக்கான் பாரு" என்றான் யோஸ்ட் பயணிகளைப் பார்த்து. "ஏறுடா மேல."

மறுநாள் மழை பெய்தது. சூப்பு கொதித்துக்கொண்டிருந்தபோது தெருவில் ஆள் நடமாட்டம் கேட்டு லீன்ஹார்ட் சன்னலைத் திறந்தார். நல்லொழுக்கத் துறை முழுவதும் கீழே நின்றது. எழுத்தர்கள், அதிகாரிகள், இயக்குநர், எல்லோரும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தலை நனைய நின்றார்கள். நீக்கிய 'மதித்தான்'கள் அத்தனையும், அச்சில் போட்டவர்களிடமே திரும்பிவிட்டன. ப்ளாட்னர் முன்வரிசையில் இருந்தார்.

"ஐயா" என்றார். "நேற்றிலிருந்து நாங்கள் யாரும் உட்காரவில்லை. தாங்கள் நின்றுகொண்டிருக்கக்கூடும் என்ற நினைப்பிலேயே உட்கார முடியவில்லை. தாங்கள் மனது வைத்து ஒரு திருத்தம்..."

"மரியாதைதானே" என்றார் லீன்ஹார்ட். "அதில் என்ன குறைச்சல்?"

"ஒரு குறையும் இல்லை, ஐயா" என்றார் ப்ளாட்னர். அவருடைய தொப்பியில் தண்ணீர் நிறைந்து வழிந்தது. "அப்படியென்றால் நாங்கள் போகலாமா?"

லீன்ஹார்ட் பதில் சொல்வதற்குள் யோஸ்ட் அவரை இடித்துத் தள்ளிவிட்டுக் கரண்டியோடு சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"கிளம்புங்கடா தொப்பிங்களா! தண்டவாளத்தை மறிச்சுக்கிட்டு! இவன் சாப்பிடணும்!"

அவர்கள் வணங்கினார்கள். லீன்ஹார்டுக்கு முதுகைக் காட்ட முடியாததால் துறை மொத்தமும் பின்பக்கமாகவே நடக்கத் தொடங்கியது, அவரைப் பார்த்தபடியே, ஒரு அடி ஒரு அடியாக, பொத்தான் கடையைத் தாண்டி, தெருக்கோடியைத் தாண்டி, ஆற்றுப்பாலத்தின் மேல். எங்கே போகிறோம் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாலத்தில் ஒரு வளைவு குறைவு என்பதால், அவர்கள் நினைத்ததைவிடச் சீக்கிரமே மறுகரை வந்துவிட்டது.